அடிபிடித்த பாயசமும் கூகுளின் முதல் பக்கமும்

சேமியாப் பாயசம் ஏன் அடிபிடிக்கிறது என்று அடுப்படியில் நின்றவர்களுக்குத் தெரியும். பாத்திரத்தின் அடி மெல்லிசு, தீ பெரிசு, கிளற வேண்டிய கையில் கைப்பேசி. கருகுவது என்னவோ ஒரு கரண்டி அளவுதான். வாடை பாத்திரம் முழுக்க ஏறிவிடும். இணையத்தில் ஒரு மனிதரின் பெயரோ ஒரு நிறுவனத்தின் பெயரோ கெடுவதும், கெட்டதைச் சரிசெய்வதும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான்.

முதலில் பாத்திரம். சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டிலிருந்தே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் ஓர் அக்காவை வைத்துக்கொள்வோம். புளோக் வாட்ஸ்அப் குழுவில்தான் அவருக்கு ஆர்டர் வருகிறது. கூகுளில் அவர் கடைக்கு ஆறு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். ஏழாவதாக ஒருவர் வந்து “முறுக்கில் சிக்கு வாடை” என்று ஒற்றை நட்சத்திரம் போட்டால் சராசரி 4.4-க்கு இறங்கிவிடும். அதே ஒற்றை நட்சத்திரம் இருநூறு நல்ல மதிப்புரைகளுக்கு நடுவே விழுந்தால் சராசரி 4.98, வித்தியாசமே தெரியாது. அடி கனமாக இருந்தால் தீ தாங்கும், அவ்வளவுதான்.

தேடுபொறியிலும் இதே கதைதான். கூகுள் பக்கங்களைப் படித்துத் தன் அட்டவணையில் சேர்த்துவைக்கிறது. யாராவது உங்கள் பெயரைத் தட்டினால், அந்தப் பெயர் உள்ள பக்கங்களைப் பொருத்தம் பார்த்து வரிசைப்படுத்துகிறது. உங்களைப் பற்றி இணையத்தில் ஒரே ஒரு பக்கம்தான் உண்டு, அதுவும் வசைப் பக்கம் என்றால், அதுதான் மேலே வரும். கூகுளுக்கு உங்கள்மேல் எந்தப் பகையும் இல்லை. காட்டுவதற்கு அதனிடம் வேறு பக்கம் இல்லை.

அடுத்தது தீ. 2021 மே மாதம் பாசிர் ரிஸ் பூங்காவில் ஓர் இந்தியக் குடும்பத்திடம் ஒருவர் இழிவாகப் பேசிய காணொளி சிங்கப்பூர் முழுக்கச் சுற்றியது. கோபம் நியாயமானதுதான். ஆனால் இப்படிக் காணொளி பரவும்போதெல்லாம் கூடவே இன்னொரு வேலையும் நடக்கும்: “இவர் யார், எங்கே வேலை?” என்று ஆளைத் தோண்டுவது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2017 ஏப்ரலில் நடந்தது சாட்சி. தோ பாயோ உணவங்காடி நிலையத்தில் ஒரு தம்பதியர் முதியவர் ஒருவரைத் திட்டி இடித்த காணொளி பரவியது. இணையவாசிகள் அந்தப் பெண் யுஓபி வங்கியில் வேலை செய்பவர் என்று ‘கண்டுபிடித்தார்கள்’. காணொளியில் இருப்பவர் எங்கள் ஊழியர் அல்ல என்று வங்கி விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சம்பவத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணின் பெயரும் ஒரு வங்கியின் பெயரும் சேர்ந்து கருகின.

இந்த இடத்தில் அடுப்பை அணைக்கச் சிங்கப்பூரில் சட்டம் உண்டு. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014-இல் வந்தது. பின்னர் திருத்தப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல் ‘டாக்ஸிங்’, அதாவது ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது, குற்றமாயிற்று. 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2021 ஜூன் முதல் இந்த வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் இயங்குகிறது. பொய்யான தகவலை நீக்கச் சொல்லியும் அங்கே உத்தரவு கேட்கலாம்.

இனி முக்கியமான கட்டம். அடிபிடித்துவிட்டது என்று தெரிந்ததும் அனுபவம் இல்லாதவர் செய்யும் முதல் காரியம், கரண்டியை விட்டு அடியைச் சுரண்டுவது. கருகல் மேலே வந்து கலந்துவிடும். பிறகு பாயசத்தைக் கொட்ட வேண்டியதுதான். பாடகி பார்பரா ஸ்டிரைசண்ட் 2003-இல் சுரண்டினார். கலிஃபோர்னியாக் கடலோரத்தைப் பதிவுசெய்த சுமார் 12,000 படங்களில் ஒன்றில் அவர் வீடு தெரிந்தது. 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதற்குமுன் அந்தப் படத்தைப் பதிவிறக்கியது ஆறே முறை. அதிலும் இரண்டு அவருடைய வழக்கறிஞர்கள். வழக்குச் செய்தி பரவிய மாதத்தில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தளத்துக்குப் போனார்கள். வழக்கிலும் தோற்றார்.

சுரண்டாமல், மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதுதான் கெட்டிக்காரத்தனம். ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே 13 அன்று அதைத்தான் செய்தது. ஸ்பானியர் ஒருவரின் சொத்து ஏலத்துக்கு வந்ததாக 1998-இல் ஒரு நாளிதழில் விளம்பரம் வந்திருந்தது. அவர் பெயரைத் தேடினால் அந்த இணைப்பு வரக்கூடாது என்று கூகுளுக்குச் சொன்ன நீதிமன்றம், நாளிதழின் பக்கத்தைத் தொடவில்லை. கருகல் அடியிலேயே கிடக்கிறது, பரிமாறுவதில்லை.

இந்தியாவில் இது இன்னும் இழுபறி. குற்றவழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021-இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. விடுதலையானவரின் பெயர் ஏன் ஆயுளுக்கும் தொங்க வேண்டும் என்பது என் கேள்வி. சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவைப் பார்க்கவும் திருத்தவும்தான் உரிமை தருகிறது. அழிக்கச் சொல்ல அல்ல.

ஏலக்காய் தூவி வாடையை மறைப்பவர்களும் உண்டு. காசு வாங்கிக்கொண்டு ஐந்து நட்சத்திரங்களை அள்ளி வீசும் சேவைகளைச் சொல்கிறேன். மூக்குள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கார் பராமரிப்பு நிறுவனம் ஒன்று போலி மதிப்புரைகள் போட்டதைச் சிங்கப்பூரின் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையமே 2024-இல் அம்பலப்படுத்தியது.

அப்படியானால் பாசிர் ரிஸ் அக்கா என்ன செய்வார்? அந்த மதிப்புரை பொய்யோ வசையோ என்றால் கூகுளிடம் புகார் செய்யலாம். வெறும் குறை என்பதற்காக கூகுள் அதை நீக்காது. அதன் கீழேயே சுருக்கமாகப் பதில் எழுதலாம்: “செவ்வாய்க்கிழமை வாங்கிய பொட்டலம்தானே? அந்த ஈடு எண்ணெய் சரியில்லை, மாற்றிவிட்டேன். புதுசு கொண்டுவந்து தருகிறேன்.” இப்படி நாலு வரி போதும். அடுத்து வரும் வாடிக்கையாளர் நட்சத்திரத்தைவிட இந்தப் பதிலைத்தான் படிப்பார். பிறகு, ஆர்டர் வாங்கிப்போகும் ஒவ்வொருவரிடமும் நேர்மையாக ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்கலாம். இது மெதுவான வேலை, ஆனால் அடி கனக்க வேறு வழி கிடையாது.

உங்கள் பெயரை, கடை இருந்தால் கடையின் பெயரையும், இன்றைக்கே கூகுளில் ஒருமுறை தேடிப் பாருங்கள். முதல் பக்கத்தில் நீங்களாக எழுதியது எத்தனை, மற்றவர்கள் எழுதியது எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் அதை நல்ல செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் எழுதப்போவது வேறு யாரோவாக இருக்கலாம்.