பனியின் மேல் பெய்யும் மழை

ஐப்பசியில் மேகம் திரண்டால் ஏரிக்கரைக்குக் காவல் போடவேண்டும் என்பது நம்மவர்கள் வழிவழியாக அறிந்த விஷயம். ஆனால் இன்று பெய்யும் மழையோடு, இரண்டு மாதங்களுக்கு முன் விழுந்த ஜலமும் சேர்ந்துகொண்டு ஒரே இரவில் ஊருக்குள் புகுந்தால் என்ன ஆகும்? பனிமலைகளின் அடிவாரத்தில் வசிக்கும் ஜனங்களுக்கு இது வெறும் கற்பனையன்று.

அமெரிக்காவின் மேற்கே, கலிபோர்னியா மாகாணத்தில் ஸியரா நெவாடா என்னும் மலைத்தொடர் நிற்கிறது. அந்நாட்டுக்குக் குளிர்காலமே மழைக்காலம். சமவெளியில் மழையாக விழுவது மலைமேல் பனியாக விழுந்து, அடுக்கடுக்காகப் படிந்து, வசந்தத்தில் மெல்லக் கரைந்து ஆறுகளில் இறங்கும். கோடையில் பழத்தோட்டங்கள் பிழைத்திருப்பது இந்தப் பனியின் தயவில்தான். யாரும் வெட்டாத ஏரி அது. கரையும் இல்லை, மதகும் இல்லை. மதகில்லாத ஏரி என்பதில்தான் அபாயமும் இருக்கிறது.

சில வருஷங்களில் ஹவாய்த் தீவுகளின் பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று நீண்ட நாடாபோல் ஓடி வந்து மலையில் மோதுகிறது. அத்தீவுகளின் அன்னாசிப் பழத்தை நினைத்து, அதற்கு ‘அன்னாசி எக்ஸ்பிரஸ்’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரில் இருக்கும் இனிப்பு அதன் செய்கையில் இல்லை. பனி விழவேண்டிய உயரத்திலும் அது மழையையே கொட்டுகிறது.

மழைநீரின் உஷ்ணத்தால்தான் பனி உருகுகிறது என்று நமது வகுப்பில் பிள்ளைகள் உடனே விடை சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது முழு உண்மையல்ல என்று தெரியும். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 காலரி உஷ்ணம் வேண்டும். 10 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள மழைநீர் 8 படி விழுந்தால், 1 படி ஜலத்துக்குச் சமமான பனிதான் உருகும். உண்மையான குற்றவாளி காற்றில் கலந்திருக்கும் நீராவி. அது குளிர்ந்த பனியின் மேல் பட்டு ஜலமாக மாறும்போது, தனக்குள் மறைத்து வைத்திருந்த உஷ்ணத்தை வெளியே விடுகிறது. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 600 காலரி! அதாவது, 1 படி நீராவி 7 படிக்கு மேற்பட்ட பனியை உருக்கிவிடும். பலத்த காற்றும் வீசினால் இந்த வேலை இரவும் பகலும் ஓயாமல் நடக்கும்.

பனி முதலில் பஞ்சுபோல் மழையை உறிஞ்சிக்கொள்ளும். மிகக் குளிர்ந்த பனியானால் அந்த மழையையே உறையவைத்துவிடும். ஆகையால் முதல் நாள் ஆறு சாதுவாக ஓடுவதைக் கண்டு ஏமாறக்கூடாது. பனி ஊறி நிறைந்த பிறகு, மேலே விழும் மழையும் உள்ளே உருகிய ஜலமும் ஒன்றாக இறங்கும்.

1997-ஆம் வருஷப் பிறப்பன்று கலிபோர்னியாவில் நடந்தது இதுவே. 1,20,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். உலகப் பிரசித்தி பெற்ற யோஸெமிட்டிப் பள்ளத்தாக்கு, பிரவாகம் செய்த நாசத்தால் இரண்டு மாதங்களுக்கு மேல் மூடிக் கிடந்தது.

ஓரவில் அணையின் கதை இன்னும் விசித்திரமானது. 770 அடி உயரமுள்ள அந்த அணை, அமெரிக்காவிலேயே உயரமானது. 1968-இல் கட்டி முடிந்தது. 2017 பிப்ரவரி 7-ஆம் தேதி, வெள்ளத்தை வெளியேற்றும் அதன் பெரிய கலிங்கில் சிமெண்டுத் தளம் பெயர்ந்து பெரும் பள்ளம் விழுந்தது. ஜலத்தை அதிகமாக விட்டால் கலிங்கு அழியும். குறைத்தால் ஏரி உயரும். குறைத்தார்கள். மலையில் மழையும், மழையில் கரைந்த பனியும் வந்துகொண்டே இருந்தன. 11-ஆம் தேதி, அணை கட்டிய நாள் முதல் ஒருமுறைகூடப் பயன்படாத அவசரக் கலிங்கின் மேல் ஜலம் வழிந்தது. அதன் கீழிருந்த மண் மலை அரிக்கத் தொடங்கவே, மறுநாள் மாலை கீழேயிருந்த ஊர்களிலிருந்து சுமார் 1,88,000 பேர் வெளியேறும்படி உத்தரவாயிற்று. குழந்தைகளையும் முதியோரையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் ஒரே சமயத்தில் சாலைக்கு வந்தால் எப்படி இருந்திருக்கும்! நல்லவேளையாக அணை நின்றது. இரண்டு நாட்களில் அவர்கள் வீடு திரும்பினார்கள். பழுது பார்க்க 110 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. பழியை மழையின் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. கலிங்கின் குறைகளை நெடுங்காலம் கவனியாமல் விட்டதைப் பின்னர் விசாரணைக் குழு தெளிவாகவே கண்டித்தது.

அணைக்காரர்களின் சங்கடத்தையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். வெள்ளத்துக்கு இடம் விட்டு ஏரியைக் காலியாக வைத்து, மழை வராமற் போனால் கோடையில் உழவர்கள் சபிப்பார்கள். நிரப்பி வைத்து, மழை வந்துவிட்டால் ஊரே மிதக்கும். மலைமேல் எவ்வளவு ஜலம் பனியாக இருக்கிறது என்று அறிவதே இதற்கு முதற்படி. அந்த வழியைக் காட்டியவர் பொறியியல் படித்தவர் அல்லர். நெவாடா சர்வகலாசாலையில் லத்தீன் முதலிய பழைய பாஷைகளைப் போதித்த ஆசிரியர் ஜேம்ஸ் சர்ச்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோஸ் மலை மீது ஏறி, பனிக்குள் ஒரு குழாயைச் செருகி எடுத்து, நிறுத்துப் பார்த்து, அதிலுள்ள ஜலத்தைக் கணக்கிட்டார். இலக்கண வாத்தியார்களை ஏளனம் செய்பவர்கள் இதைச் சற்றுக் கவனிக்கலாம்.

பூமியின் உஷ்ணம் ஏற ஏற, பனி விழும் எல்லை மலைமேல் உயர்ந்துகொண்டே போகிறது. முன்பு பனியைத் தாங்கி நின்ற சரிவுகள் இப்போது மழையை அப்படியே கீழே தள்ளுகின்றன. ஆனால், ஓரவில் ஏரியில் எவ்வளவு இடம் காலியாக விடவேண்டும் என்று 1970-இல் வகுத்த விதிகளே 2017-இலும் அமலில் இருந்தன. அதே மாகாணத்து மெண்டோசினோ ஏரியில், பஞ்சாங்கம்போல் மாதத்தைப் பார்த்து மதகைத் திறக்காமல், வரப்போகும் புயலின் முன்னறிவிப்பைப் பார்த்துத் திறக்கும் முறையைப் பரீட்சை செய்து பார்த்திருக்கிறார்கள்.