அந்நிய மண்ணில் கிறிஸ்து பிறப்பு விழா

திண்டுக்கல் சமவெளியிலுள்ள நம் ஆலயங்கள் பலவற்றில், டிசம்பர் பிறந்ததும் சவுக்குக் கிளையொன்றை நட்டு, அதன்மேல் பஞ்சைப் பிய்த்து ஒட்டி, அதைப் பனி என்கிறோம். ஏன் என்று வினவினால், மிஷனெரிமார் தம் ஊர் நினைவாக விட்டுச் சென்ற வழக்கம் என்பர். இவ்விடை முழுவதும் சரியன்று.

அமெரிக்க மிஷனெரிமார் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834இல். திண்டுக்கல்லில் பணி தொடங்கியது 1835இல். அவர்களுள் பலர் நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் மரபில் வளர்ந்தோர். அம்மரபினரோ, வேதத்தில் கட்டளையிடப்படாத திருநாள் என்று கிறிஸ்துமஸை ஒதுக்கியவர்கள். மாசச்சூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை அதனைக் கொண்டாடியவருக்கு 5 ஷில்லிங் அபராதம். அம்மாநிலம் அதைப் பொது விடுமுறையாக ஏற்றதோ 1856இல்தான். அதற்கு 21 ஆண்டுகள் முன்னரே திண்டுக்கல்லில் மிஷன் பணி வேரூன்றிவிட்டது! அம்முதல் ஊழியர் வீட்டை நினைந்து ஏங்கிய நாள் நவம்பரில் வரும் நன்றி கூறும் நாளாகவே இருந்திருக்கும் என்று கருதுகிறோம்.

டிசம்பர் வெயில் அவர்களை வாட்டியதாகவும் எண்ணவேண்டாம். 1845இல் அவர்களைக் கொடைக்கானலில் வீடு கட்டச் செய்தவை கோடையும் காய்ச்சலுமே. மார்கழியில் சிறுமலைமேல் மேகம் படியும். விடியற்காலையில் போர்வை வேண்டும். பெத்லகேமிலும் அது மழைக்காலமே.

வந்தவர்கள் இம்மண்ணிடம் கற்றதே நமக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது. ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளை, மதுரை மிஷனின் எட்வர்டு வெப் தேடிப்பெற்று, 1853இல் வெளியிட்ட பாடற்றொகுப்பில் சேர்த்தார். பியூரிட்டன் மரபில் வந்த திருச்சபை தமிழ் இராகத்தில் பாடத் தொடங்கிற்று.

யோவான் முதல் அதிகாரத்தில் ‘வாசம்பண்ணினார்’ என்று நாம் வாசிக்கும் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் ‘கூடாரமிட்டார்’ என்பதாகும். கூடாரமிடுபவர் வழிப்போக்கர், சொந்த வீட்டார் அல்லர்.

இன்று நம்மிடையே கூடாரமிட்டிருப்போர் யார்? வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் வட மாநிலத் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். ஜார்க்கண்டிலிருந்து வந்தோருள் கிறிஸ்தவர்களும் உண்டு. 1845இல் கோஸ்னர் மிஷனெரிமார் ராஞ்சிக்கு வந்ததால் எழுந்த சபையின் பிள்ளைகள் சிலர். நம் சபைக்கு வயதில் அதிகம் இளைய சபையன்று அது. கடுங்குளிரில் இவ்விழாவைக் கொண்டாடிப் பழகிய அவர்களுக்குத் திண்டுக்கல்லே வெப்பமான தூரதேசம். நம் ஆராதனையிலோ அவர்களுக்கு விளங்கும் சொல் ஒன்றுகூட இருப்பதில்லை.

சென்ற ஆண்டு நம் சபையில், லூக்கா இரண்டாம் அதிகாரத்தை அவர்களுள் ஓர் இளம்பெண் இந்தியில் வாசித்தார். பின்வரிசையில் அமர்ந்திருந்த அவருடைய தோழியர் அறுவர் எழுந்து நின்று கேட்டனர். ஆராதனை முடிந்ததும் அவர் சவுக்குக் கிளையருகே சென்று, பஞ்சைத் தொட்டுப் பார்த்து, “ஐயா, இங்கேயும் பஞ்சா?” என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டுச் சிரித்தார்.