நல்ல காற்றா, நல்ல மருந்தா?

"டான்சில் வீங்கியிருக்கிறது, எடுத்துவிட வேண்டும்" என்று மருத்துவர் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? தொண்டையைப் பார்த்தார், நோயைக் கண்டார், முடிவு சொன்னார் என்றுதானே! 1934-இல் நியூயார்க்கில் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். 11 வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 1000 பேரில் 611 பேருக்கு டான்சில் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. மீதி 389 பேரை மருத்துவர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். தப்பிய 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பியபோது 99 பேர் அகப்பட்டார்கள். மிஞ்சிய 116 பேர் மூன்றாம் முறை சென்றார்கள். 51 பேருக்கு அதே தீர்ப்பு! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு ஏறக்குறைய 45. பிள்ளைகள் மாறினார்கள், விகிதம் மாறவில்லை.

அந்த மருத்துவர்கள் மோசக்காரர்கள் அல்லர். படிக்கும் காலத்தில் மனத்தில் பதிந்த நம்பிக்கை, கண் பார்ப்பதற்கு முன்பே பாதி முடிவைச் செய்துவிடுகிறது. முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீர்செய்யும் 'கைரோபிராக்டிக்' முறையை அமெரிக்காவில் 1895-இல் பாமர் என்பவர் தொடங்கினார். எலும்பு இடம் பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. இன்று அத்தொழிலில் உள்ளவர்களில் அதை அப்படியே நம்புவோரும் உண்டு, நம்பாதோரும் உண்டு. எக்ஸ்ரே எடுப்பது, தடுப்பூசி போன்றவற்றில் இரு சாராரின் போக்கும் வேறுபடுவதைக் கனடாவில் எடுத்த கணக்கெடுப்புகள் காட்டின.

நம் பக்கம் வருவோம். மதுரை கே.கே. நகரிலிருந்து திருமங்கலம் போகும் வழியில், தோப்பூரில் காசநோய் மருத்துவமனை ஒன்று உண்டு. ஊரை விட்டு ஏன் அவ்வளவு தள்ளி? சுத்தமான காற்று, ஓய்வு, சத்துணவு, இவையே காசத்திற்கு மருந்து என்று உலகெங்கும் மருத்துவர்கள் கற்றிருந்தார்கள். நோய் பிறருக்குத் தொற்றாமல் இருக்கவும் விலகி இருப்பது நல்லது என்று எண்ணினார்கள். தாம்பரம் சானடோரியத்தை 1928-இல் நிறுவிய டாக்டர் சௌரி முத்து, அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் இத்தகைய விடுதி ஒன்றை நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் 1917-இல் அங்கே சில காலம் தங்கினார். (அவருக்குக் காசநோயே இல்லை, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பழைய குறிப்புகளை ஆராய்ந்த ஒருவர் 1994-இல் எழுதினார்!)

1952-இல் ஐசோனியசிட் என்ற மலிவான மாத்திரை வந்தது. ஆனாலும் 'விடுதியில் படுக்க வைத்தால்தான் குணமாகும்' என்ற நம்பிக்கை அசையவில்லை. இந்தியாவிலோ நோயாளிகள் பல இலட்சம்; கட்டில்கள் மிகக் குறைவு. இதைத் தீர்க்கத்தான் 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு விடுதியில். மற்றது நெருக்கடியான தன் வீட்டிலேயே. மருந்து இருவருக்கும் ஒன்றுதான், ஓராண்டுக்கு.

இங்கேதான் ஒரு நுட்பம். யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை, தற்செயலுக்கே விட்டார்கள். தேர்ந்தெடுக்க விட்டிருந்தால், தம் நம்பிக்கைப்படி முற்றிய நோயாளிகளை விடுதிக்கு அனுப்பியிருப்பார் அல்லவா? பிறகு எதை எதனோடு ஒப்பிடுவது? ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்து அளக்கிறோமே, அதே தந்திரம்தான் இது.

முடிவு 1959-இல் வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் விடுதிப் பிரிவில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டுப் பிரிவில் 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஆறு வித்தியாசம் இருக்கிறதே என்கிறீர்களா? நாணயத்தை நூறு தடவை சுண்டுங்கள். தலை பெரும்பாலும் சரியாக 50 தடவை விழாது. 45, 56 என்று ஆடும். இத்தனை சிறிய கூட்டத்தில் ஆறு என்பது அந்த ஆட்டத்துக்குள் அடங்கும். விடுதியில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக ஓய்வெடுத்து, எடையும் கூடுதலாகப் பெற்றார்கள் என்பது உண்மை. ஆனால் கிருமியை ஒழித்தது மருந்துதான்.

இதன்பின் பல நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு நோய் தொற்றுமே என்ற அச்சத்தையும் அதே ஆய்வாளர்கள் ஐந்தாண்டு காலம் தொடர்ந்து சோதித்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்த நோயாளிகளின் குடும்பங்களில் காசம் கூடுதலாகத் தோன்றவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியதும் சளியில் கிருமிகள் விரைவாகக் குறைந்துவிடுகின்றன.