யுனிவர்சிட்டிக்கு முன்பே ஒரு பள்ளிக்கூடம்!

சிதம்பரம் என்றதும் நடராஜர் கோயிலுக்கு அடுத்து நினைவுக்கு வருவது அண்ணாமலைப் பல்கலைக்கழகம்தான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி வளர்ந்து, 1929-ல் பல்கலைக்கழகம் பிறந்தது. அந்தக் கல்லூரி வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1916-ல், இதே ஊரில் இன்னொரு கல்விக் கதை தொடங்கிவிட்டது தெரியுமா?

தொடங்கியவர் சுவாமி சகஜானந்தர். 1890-ல் ஆரணிப் பக்கம் மேல்புதுப்பாக்கத்தில், தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். பண்ணையில் கூலி வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாசல் பெரும்பாலும் மூடியே கிடந்த காலம் அது. அந்தப் பிள்ளைகளுக்காக அவர் உருவாக்கியதுதான் நந்தனார் பள்ளி.

பெயரைக் கவனியுங்கள். ஊருக்குள் வரத் தயங்கி எல்லையிலேயே நின்ற நந்தனார், தீயில் மூழ்கி எழுந்த பிறகே தில்லைக் கோயிலுக்குள் போனார் என்கிறது பெரியபுராணம். அதே தில்லையில் அந்தப் பெயரைப் பள்ளிக்கு வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்!

கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் மட்டும் போதாதே... சோறும் படுக்க இடமும் வேண்டும். அதனால் விடுதியும் சேர்ந்தது. சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த சகஜானந்தர், 1959-ல் மறைந்தார். நந்தனார் பெயரில் ஆண்கள், பெண்கள் என இரண்டு அரசுப் பள்ளிகள் இன்றும் சிதம்பரத்தில் நடக்கின்றன.