தண்டனை முடிந்தாலும் பட்டம் போகாது

திருட்டு வழக்கில் சிறை சென்று திரும்பியவர், 20 ஆண்டுகளாகப் பெட்டிக்கடை வைத்துப் பிழைக்கிறார். திடீரென ஒரு பத்திரிகை அவரை 'திருடர்' என்று எழுதினால், அவர் வழக்குப் போட முடியுமா?

போடலாம். ஆனால் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு என்றால், செய்தி உண்மை என்று நிரூபித்தாலே பத்திரிகை தப்பித்துவிடும். கிரிமினல் அவதூறு வழக்கில்தான் ஆசிரியருக்குச் சிக்கல். 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவுக்கு உண்மை மட்டும் போதாது. அதை வெளியிட்டது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவும் அதையேதான் சொல்கிறது. பெட்டிக்கடைக்காரரின் பழங்கதையில் என்ன பொது நன்மை?

பத்திரிகைகளுக்கும் கேடயம் உண்டு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: நீதிமன்ற ஆவணங்கள் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இருப்பதை எழுத சம்பந்தப்பட்டவரின் சம்மதம் தேவையில்லை. பாலியல் குற்றங்களுக்கு ஆளான பெண்களின் அடையாளத்துக்கு மட்டும் விலக்கு.

மேல்முறையீட்டில் விடுதலையானவர் பாடுதான் பரிதாபம். தண்டனை முதல் பக்கத்தில் வரும். விடுதலை, வந்தால், உள்பக்கத்தில். இணையத்திலோ பழைய செய்திக்கு வயதே ஆவதில்லை. அப்படி விடுதலையான ஒருவர் கேட்டுக்கொண்டதால், அவர் வழக்கின் தீர்ப்பை நீக்குமாறு ஒரு சட்ட இணையதளத்துக்கு சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது.