வேங்கடத்தின் அடியில் ஒரு வேடிக்கை விழா

திருப்பதி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன மலையும் வரிசையுமே. விடுமுறைக்கு ஊர் திரும்பும் குடும்பங்கள் இரவு வண்டியில் வந்திறங்கி, முடியிறக்கி, வரிசையில் நின்று, இலட்டு வாங்கிக்கொண்டு மறுநாளே புறப்பட்டு விடுகின்றன. அடிவாரத்து ஊரை அவர்கள் காண்பது பேருந்துச் சன்னல் வழியாகத்தான். நம் பிள்ளைகளைக் கேட்டால், திருப்பதி என்பது காத்திருக்கும் இடம் என்றே கூறுவர். அவ்வூருக்குச் சிரிக்கவும் தெரியும் என்பதை அவர்கள் அறிய வேண்டுமாயின், மே மாதத்தில் கங்கம்மா ஜாத்திரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

தாத்தய்யகுண்டாவில் கோயில் கொண்ட கங்கம்மா, வேங்கடவனின் தங்கை என்பது ஊரார் நம்பிக்கை. ஆண்டுதோறும் திருமலை தேவஸ்தானத்திலிருந்து அவளுக்குச் சேலையும் மஞ்சள் குங்குமமும் பிறந்த வீட்டுச் சீராக வருகின்றன. செல்வந்தரான அண்ணனைக் காண உலகமே வருகிறது; தங்கையின் வாயிலில் நிற்போர் பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரே.

விழாவின் கதை விளையாட்டன்று. பெண்களைச் சூறையாடிய பாளையக்காரன் ஒருவன் கங்கம்மாவின் மீதும் கை வைக்கத் துணிந்தான். அவள் தன் பேருருவைக் காட்டவே, அஞ்சி ஓடி ஒளிந்தான். அவனை வெளியே வரவழைக்க அவள் நாளுக்கொரு வேடம் பூண்டாள். இறுதியில் துரை வேடத்தில் வந்தபோது, பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று வணங்க வெளியே வந்தான், தலை போயிற்று. பின்னர் மாதங்கி வேடத்தில் அவன் மனைவியிடம் சென்று ஆறுதல் கூறினாள் என்பர். இப்பகுதியே நம் மனத்தை மிகவும் தொட்டது.

செவ்வாய் இரவு சாற்றுதலுடன் விழா தொடங்குகிறது. புதனன்று பைராகி வேடம், உடலெங்கும் வெள்ளை. வியாழனன்று பண்ட வேடம், குங்குமச் சிவப்பு. வெள்ளியன்று தோட்டி வேடம், கரிப்பூச்சு. சிறுவர், முதியோர், கடைக்காரர், அலுவலர் என்ற வேறுபாடின்றி நேர்ந்துகொண்டோர் யாவரும் பூசிக்கொண்டு வேப்பிலையுடன் வீதியில் இறங்கிவிடுகின்றனர். எதிர்ப்படுவோரை வாய்கொண்ட மட்டும் வைவதும் வேண்டுதலின் ஒரு பகுதியே! வசவுகள் தெலுங்கில் இருப்பதால் நம் பிள்ளைகளுக்குப் பாதி விளங்காது, அதுவும் நன்மைக்கே. ஆடவர் பலர் சேலை உடுத்தி, சடை பின்னிப் பூச்சூடி வருகின்றனர். பெண்ணைத் துன்புறுத்தியவனின் கதையை நினைவுகூரும் நாளில் ஆடவர் பெண்ணுடையில் நடப்பதை வெறும் கேலிக்கூத்து என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

அம்மனின் வேடத்தை மரபுரிமையாகத் தாங்குவோர் கைகால குலத்தார். ஆந்திர அரசின் பட்டியலில் இவர்கள் கைக்கோளர், செங்குந்தரோடு ஒன்றாகவே வைத்து எண்ணப்படுகின்றனர். இதில் வியப்பென்ன? வேங்கடம் தமிழகத்தின் வட எல்லையன்றோ! சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைந்து சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திரத்துடன் சென்றது. 1960-இல் திருத்தணிப் பகுதி நம் பக்கம் வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு மாறினும், கடைத்தெருவில் தமிழில் கேட்டால் தமிழிலேயே விடை கிடைக்கிறது.

செல்வோர் இரண்டொரு நாள் கூடுதலாகத் தங்குமாறு திட்டமிடுக. மே மாத வெயில் கொடியது. காலையிலேயே வீதிக்குச் சென்று, நண்பகலில் அறைக்குத் திரும்புவது நலம். மாலையில் கோவிந்தராசர் கோயிலையும், ஒருநாள் விசயநகரப் பேரரசின் பிற்காலத் தலைநகர்களுள் ஒன்றாகிய சந்திரகிரியின் கோட்டையையும் காணலாம். சித்தூரிலும் அதே மாதத்தில் நடுவீதி கங்கம்மாவுக்கு ஜாத்திரை உண்டு.

அடுத்த செவ்வாய் இரவு கூட்டம் மிகுதி. சிறுவர் கையை விடலாகாது. கோயில் முன் களிமண்ணால் அம்மனின் பெருமுகம் சமைக்கப்படும். புதன் விடியலில் அதனைக் கலைத்து, அம்மண்ணைப் பிரசாதமாக வழங்குவர். பெண்கள் அதனை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்புகின்றனர்.