படுத்துக்கொண்டே பார்க்க ஒரு மரம்

அப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஃபிஸ்டுலா போட்ட இடது கையை அசைக்காமல், ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்தபடி படுத்திருக்க வேண்டும். "டியூப்லைட் எல்லாம் எண்ணி முடிச்சாச்சுடா" என்றார் ஒருநாள். அந்த நேரத்துக்காக ஒரு விஆர் காடு செய்து பார்க்கலாம் என்று நானும் நண்பர்கள் மூன்று பேரும் ஆரம்பித்தோம். ஒருவர் 3டி, ஒருவர் ஒலி, ஒருவர் டெஸ்டிங், நான் கோடிங். அதில் கற்றுக்கொண்டதை இங்கே குறித்து வைக்கிறேன்.

யோசனை ஒன்றும் புதிதில்லை. 1984-ல் ரோஜர் உல்ரிச், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டு 'சயின்ஸ்' இதழில் எழுதினார். மரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்; வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், ஆனால் இன்றுவரை பேசப்படுகிறது. பின்னால் ஹண்டர் ஹாஃப்மன் குழு தீக்காய நோயாளிகளுக்காக 'ஸ்னோவேர்ல்ட்' செய்தது. அதில் பனிப்பந்து எறிய வேண்டும். கவனம் வலியிலிருந்து விலகும். எங்களுக்கு வேண்டியது வேறு: ஒன்றும் செய்யாமல் சும்மா கிடப்பது.

ஆனால் நாங்கள் செய்த முதல் வடிவத்தில் எல்லாம் இருந்தது. தாமிரபரணிக் கரை, அருவி, மான், நடந்து போக ஒரு பாதை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது அருமை. கட்டிலில் படுத்து மாட்டினால் வெறும் வானம்! நான் புத்திசாலித்தனமாக மொத்தக் காட்சியையும் திருப்பி, படுத்திருப்பவர் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தேன். ஒரே வரி கோடு. இரண்டே நிமிஷத்தில் எனக்கே வயிற்றைப் பிரட்டியது. கண் "நிற்கிறாய், நடக்கிறாய்" என்கிறது. உள்காது "அசையாமல் மல்லாந்து கிடக்கிறாய்" என்கிறது. இந்த முரண்தான் தலைசுற்றலுக்குக் காரணம்.

அதற்குப் பிறகுதான் டயாலிசிஸ் டெக்னீஷியன் அம்மாவிடம் காட்டினோம். மூணு கேள்வி கேட்டார். "கன்ட்ரோலரை எந்தக் கையால பிடிப்பார் சார்? பிபி இறங்கினா மூஞ்சியப் பாத்துத்தான் கண்டுபிடிப்போம், அத மூடிட்டா எப்படி? நான் கூப்பிட்டா காதுல விழுமா?"

எங்கள் டிசைனில் பாதி அங்கேயே போச்சு. மறுபடி முதலிலிருந்து செய்தோம்:

1. காட்சியைத் திருப்பவில்லை. பார்ப்பவர் மருதமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறார். உடம்பு எப்படியோ, காட்சியும் அப்படியே.

2. நடை இல்லை, மெனு இல்லை, கன்ட்ரோலர் இல்லை. மாட்டினால் தொடங்கும், 15 நிமிஷத்தில் தானே முடியும்.

3. ஹெட்ஃபோன் இல்லை. ஹெட்செட்டின் திறந்த ஸ்பீக்கர்தான். வெளியே கூப்பிட்டால் கேட்கும்.

4. டாக்டர் அனுமதியோடு, பிபி பார்த்த பிறகுதான் மாட்டுவது.

இதில் எனக்குத்தான் வேலை கூடியது. 72 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 13.9 மில்லிசெகண்ட்; அதற்குள் இரண்டு கண்ணுக்கும் வரைய வேண்டும். அண்ணாந்து பார்த்தால் இலைமேல் இலை. சாதாரணமாக இலைக்கொத்தை ஒரு சதுரத்தில் ஒட்டி, மிச்ச இடத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் விடுவார்கள். அந்தக் காலி இடத்துக்கும் ஜிபியு உழைக்கும். அதனால் சதுரத்தை விட்டுவிட்டு, இலை விளிம்பை ஒட்டியே மெஷ்ஷை வெட்டினோம். பக்கத்துக் கிளைகள் மட்டும் உண்மையான 3டி. தூரத்து மரங்கள் பின்னணிப் படம். தூரம் போகப்போக இரண்டு கண்ணுக்கும் தெரிவதில் வித்தியாசம் குறைவதால் ஏமாற்று தெரியவில்லை.

ஒலி நண்பர் விடியற்காலையில் பாபநாசம் போய்ப் பதிவு செய்து வந்தார். முதலில் அதையே லூப்பில் விட்டோம். ஒரே குயில் அதே இடத்தில் அதே மாதிரி கூவுவதை மூணாவது தடவையே காது பிடித்துவிடுகிறது. இப்போது ஆற்றுச் சத்தம் தனியாக ஓடுகிறது. பறவைகள் நேரமும் திசையும் மாறி மாறிக் கூவுகின்றன.

அப்பா முதல் தடவை பார்த்துவிட்டுக் கழற்றியதும் கேட்டது: "எல்லாம் சரி, காக்கா எங்கடா?" சத்தம் இனிமையாக இருக்கட்டும் என்று காக்கையை நாங்களே வெட்டி எடுத்திருந்தோம். திரும்பச் சேர்த்தாயிற்று.

நாலு மணி நேரத்தில் 15 நிமிஷம் மரத்தடியில். மீதி மூணே முக்கால் மணி நேரம் அதே சீலிங்தான். நீங்கள் யாராவது இது மாதிரி செய்யப் போனால், அந்த டெக்னீஷியன் அம்மா மாதிரி ஒருவரை முதல் மீட்டிங்கிலேயே கூப்பிட்டுவிடுங்கள். நாங்கள் கூப்பிடாமல் நாலு மாசம் அருவி கட்டிக்கொண்டிருந்தோம்.